மக்கும் என்று சொன்ன ஷீட் இன்னும் என் நிலத்தில்தான் கிடக்கிறது

போன வாரம் ராயக்கோட்டை பக்கம் ஒரு தம்பியின் தக்காளித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து ஒன்றரை ஏக்கர் செய்கிறார். கடைசிப் பறிப்பு முடிந்து செடி காய்ந்து கிடக்கிறது, களை வராமல் பாத்தியை மூடிய மல்ச்சிங் ஷீட் அப்படியே இருக்கிறது, வரப்பில் உழுவதற்கு ரொட்டவேட்டர் நிற்கிறது.

"ஷீட்டை எடுக்கலையா தம்பி?"

"இது மக்குற ஷீட்டுண்ணா. அப்படியே ஓட்டிடலாம்னு கடையில சொன்னாங்க."

இதே வார்த்தையை நம்பித்தான் ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் ஓட்டினேன். வண்டியை நிறுத்தச் சொன்னேன். இந்த விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன்.

'பயோ' என்றாலே மக்கும் என்று நினைப்பது

எதிலிருந்து செய்தார்கள் என்பது வேறு, கடைசியில் என்ன ஆகும் என்பது வேறு. கரும்பிலிருந்து எடுத்த எத்தனாலில் செய்த பாலித்தீனும் பாலித்தீன்தான், மக்காது. பெட்ரோலிய மூலப்பொருளில் செய்யும் பி.பி.ஏ.டி. என்ற பிளாஸ்டிக் மக்கும். நம் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் விளையும் மரவள்ளி மாவைக் கலந்தது என்று ஒருவர் பை காட்டினால், மாவோடு வேறு என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். அது சாதா பாலித்தீனாக இருந்தால் மாவு மட்டும் கரையும், மீதி அப்படியே நிற்கும்.

மல்ச்சிங் ஷீட்டை மண்ணோடு உழுவது

நான் வாங்கியது சாதா பாலித்தீனில் உலோக உப்பு சேர்த்த ரகம். வெயிலும் சூடும் பட்டால் நொறுங்கும். நொறுங்குவதை மக்குவது என்று சொல்லி விற்றார்கள். மண்ணுக்குள் போய்விட்டால் வெயிலும் கிடையாது, அந்த நொறுங்கலும் மெதுவாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் சட்டம் போட்டு இந்த ரகத்தை விலக்கியது. எனக்கு அது தெரிய வந்தபோது என் இரண்டு ஏக்கரும் உழுதாகிவிட்டது.

முதல் சால் ஓட்டும்போதே ரொட்டவேட்டர் கத்தியில் ஷீட் முறுக்கிக்கொண்டது. அறுத்து அறுத்து எடுத்தோம். அடுத்த மழைக்கு நிலம் முழுக்கக் கறுப்புத் துண்டுகள் மேலே வந்தன. ஆறு பெண்கள் நான்கு நாள் பொறுக்கினார்கள். கூலி போனது போகட்டும், பொறுக்க முடிந்தது பெரிய துண்டுகளை மட்டும்தான். போன மாதம் கேழ்வரகு ஒரு தூரைப் பிடுங்கினேன். வேருக்கு நடுவே நகத்தளவு துண்டு, ஒரு பக்கம் வெள்ளி மினுக்கம்கூடப் போகவில்லை. ஆடு இதைத் தின்றுவிடக்கூடாது என்று, அறுப்பு முடிந்த நிலத்தில் ஆடு ஓட்டி வருபவர்களை நான் இப்போது விடுவதில்லை.

மண்ணில் மக்கும் ஷீட் உண்மையிலேயே இருக்கிறது. அதற்கென்று ஐரோப்பாவில் இ.என். 17033 என்ற தரம் 2018-இல் வந்தது: சாதாரண மண் சூட்டில் இரண்டு வருடத்துக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். அட்டையில் ஐ.எஸ்.ஓ. 17088 என்று மட்டும் போட்டிருந்தால் அது கம்போஸ்ட் ஆலைக்கான தரம், வயலுக்கானது இல்லை. இந்த வித்தியாசத்தைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள், நாம்தான் அட்டையைப் படிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஷீட்டை எடுத்துவிடுங்கள். கடைசிப் பறிப்பு முடிந்த கையோடு செடியை அடியில் அறுத்து, பாத்தியை லேசாக நனைத்து, மண் மூடிய ஓரங்களை மண்வெட்டியால் நெம்பிவிட்டுச் சுருட்டினால் முழுசாக வரும். வெயிலில் காயவிட்டால் கையோடு கிழியும். 30 மைக்ரான் தடிமனில் வாங்கினால் எடுப்பது சுலபம். விலை குறைவென்று மெல்லிசு எடுத்தால் அந்த மிச்சம் கூலியில் போய்விடும்.

எருக்குழியில் பி.எல்.ஏ. தம்ளர் போடுவது

பி.எல்.ஏ. என்பது செடி மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக். அது மக்க 58 டிகிரி சூடு வாரக்கணக்கில் நிற்க வேண்டும். நம் வீட்டுக் குழியில் அந்தச் சூடு நிற்காது. என் குழியில் போட்ட தம்ளர் ஒரு வருடம் கழித்தும் விளிம்பு மடங்காமல் வந்தது.

அந்தத் தம்ளரைப் பழைய பாட்டிலோடு கலந்து போடுவது

பி.எல்.ஏ. உருகும் சூடு வேறு, பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் உருகும் சூடு வேறு. கலந்தால் மறுசுழற்சி கெடும்.

வரப்பில் போட்டு எரிப்பது

கூடவே கூடாது.