பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்பும் குருவிகள்: முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

மூன்று வருடமாக, மார்ச் பிறந்துவிட்டால் சனிக்கிழமைக் காலைத் தூக்கம் எனக்குக் கிடையாது. முதல் வருடம் முழுக்க நான் பார்த்தது கலங்கலாக ஏதோ ஒரு பழுப்பு உருண்டை. காரணம் பறவை இல்லை, என் கையிலிருந்த பைனாகுலர். அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மற்றதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் ஏது வசந்தம் என்று என் தம்பி கேட்டான். நமக்கு இல்லைதான். ஆனால் செப்டம்பரிலிருந்து சைபீரியா, சீனா, ஜப்பான் பக்கமிருந்து தெற்கே இறங்கி வந்த சின்னப் பறவைகளுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் பாதி வரை நல்ல நேரம். ஈசூன் முருகன் கோயிலில் பங்குனி உத்திரக் காவடி பார்ப்பதற்கும், வீட்டில் புத்தாண்டு மாங்காய்ப் பச்சடி கிண்டுவதற்கும் இடைப்பட்ட நாள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் வருபவற்றில் நிறைய இளசுகள், எல்லாம் ஒரே பழுப்பு. திரும்பும்போது ஆண் பறவைகள் முழு வண்ணத்தில் இருக்கும். ஆனால் கூடு கட்டப் போகிற அவசரம் அவற்றுக்கு. இன்று இருந்த மரத்தில் நாளை இருக்கும் என்று நம்பாதீர்கள்.

1. பைனாகுலர்

8×42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வேண்டாம். கை ஆடினால் அதுவும் பத்து மடங்கு ஆடும். ஜூம் பைனாகுலர் பக்கமே போகாதீர்கள். கேமராவை இந்த வருடம் மறந்துவிடுங்கள். முதலில் கண்ணுக்குப் பழக்கம் வரட்டும்.

2. வலது கண் வளையம் (நான் விழுந்த பள்ளம்)

நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் போதும் என்றுதான் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் இரண்டு கண்ணுக்கும் பவர் ஒன்றாக இருப்பது அபூர்வம். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் வலது கண் பக்கம் தனியாக ஒரு வளையம் இருக்கிறது. டயாப்டர் என்பார்கள். பெரும்பாலானவற்றில் அது வலது கண் வைக்கும் ரப்பர் குழியை ஒட்டியே இருக்கும்.

வீட்டு வராந்தாவில் நின்று செய்யுங்கள். எதிர் புளோக்கில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைக் குறி வையுங்கள். எண்ணை மட்டும், ஜன்னலை அல்ல! எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் நான் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் முதலில் கண்ணருகே உள்ள ரப்பர் குழிகளைத் திருகி உள்ளே இறக்குங்கள். போடாதவர்கள் வெளியே இழுத்து வையுங்கள். பிறகு இரண்டு குழாயையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள்.

இப்போது வலது முன்கண்ணாடியை உள்ளங்கையால் மூடுங்கள். கண்ணை மூடாதீர்கள். ஒரு கண்ணை இறுக்கினால் மற்றதும் சுருங்கி, அளவு தப்பாகிவிடும். இடது கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பி எண்ணைக் கூர்மையாக்குங்கள். அடுத்து இடது முன்கண்ணாடியை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடவே கூடாது. வலது கண்ணால் பார்த்து, வலது வளையத்தை மட்டும் திருப்புங்கள். சுவரில் மழைநீர் வடிந்த கறுப்புக் கோடுகூடத் தெரிய வேண்டும். வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச்சக்கரம் மட்டும்தான் வேலை.

இதைச் செய்த அன்று நான் சத்தம் போட்டே சிரித்தேன். அந்த எண்ணுக்கு மேல் ஒரு ஜாவா மைனா உட்கார்ந்திருந்தது, அதன் கண்ணின் மஞ்சள் வரை தெரிந்தது.

3. இடம்

டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா என் முதல் தேர்வு. ஹில்வியூ எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம். நீல நிற ஈப்பிடிப்பான்களைத் தேடி மார்ச்சில் கூட்டம் வருவது இங்கேதான். உட்லீ நிலையத்துக்குப் பக்கத்தில் பிடாடாரி. முன்பு கல்லறைத் தோட்டம், வலசைப் பறவைகளுக்குப் பேர்போன இடம். இப்போது வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகள் வந்துவிட்டன, பூங்கா ஒன்று இருக்கிறது. பழைய மரங்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது, இருந்தாலும் போவேன். சுங்கை பூலோ அருமையான இடம், ஆனால் அது முக்கியமாகக் கரைப்பறவைகளுக்கு.

விடிவது ஏழு மணியைத் தாண்டித்தான். ஏழேகாலுக்கு அங்கே இருங்கள். இந்தச் சிறுபறவைகளில் பெரும்பாலானவை வலசைப் பயணத்தில் இரவில் பறப்பவை. காலையில் இறங்கியதும் பசியோடு இரை தேடும். ஒன்பதரைக்கு மேல் கோப்பிக் கடைக்குப் போய்விடலாம்.

4. நில்லுங்கள்

நடந்துகொண்டே தேடாதீர்கள். ஓரளவு வெளிச்சம் விழும் ஒரு மரத்தடியில் இருபது நிமிடம் நில்லுங்கள். ஈப்பிடிப்பான் ஒரு வெற்றுக்கிளையில் நிமிர்ந்து உட்காரும், பாய்ந்து பூச்சியைக் கவ்வும், பெரும்பாலும் அதே கிளைக்கே திரும்பும். அதனால் பறந்துவிட்டதே என்று பைனாகுலரை இறக்க வேண்டாம். நின்றது பக்கத்தில் என்றால் அலகு மூடும் ‘டக்’ சத்தம்கூடக் கேட்கும்.

பறவையைக் கண்டதும் கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். கீழே குனிந்து பார்த்தால் தொலைத்துவிடுவீர்கள்.

முதல் பருவத்தில் ஒரே ஒரு பறவையைக் கரைத்துக் குடியுங்கள்: ஏஷியன் பிரௌன் ஃப்ளைகேட்சர். பழுப்பு ஈப்பிடிப்பான், 13 சென்டிமீட்டர். பெரிய கண், அதைச் சுற்றி வெளிர் வளையம், கீழ் அலகின் அடி மஞ்சள். நம் பூங்காக்களில் இதுதான் அதிகம். இது பழகிவிட்டால், மார்பும் விலாவும் அழுக்காகத் தெரிகிற ஒன்று வரும்போது ‘இது வேற ஆளு’ என்று தானாகத் தோன்றும். அது டார்க் சைடட் ஃப்ளைகேட்சர். ஒருநாள் அடிவயிறு முழுக்க மஞ்சள், வெள்ளைப் புருவம், கரிய முதுகு என்று யெல்லோ ரம்ப்ட் ஆண் வந்து உட்காரும். பக்கத்தில் நின்ற சீன அங்கிள் எனக்கு அதை மோவாயால் காட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை.

5. செயலி

பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இலவசம். சிங்கப்பூருக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதன் ஒலி அடையாளத்தை இந்த வேலைக்கு நம்பியிருக்காதீர்கள். வலசை வந்தவை இங்கே அவ்வளவாகப் பாடுவதில்லை. திரும்பத் திரும்பக் குயிலும் மாங்குயிலும்தான் வரும். நான் அதிகம் பார்ப்பது, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் தளத்தின் பட்டை வரைபடம். ஒரு பூங்காவில் எந்தப் பறவை எந்த வாரம் தென்படும் என்று காட்டும்.

குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். நெடும்பயணத்தில் இருப்பதை வீணாக அலைக்கழிப்பது அது. புழு வைத்து இழுப்பதும் கூடாது. காட்டுயிர்களுக்கு உணவிடுவது இங்கே சட்டப்படி குற்றம்.

பின்சேர்க்கை: மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டார்கள், “அக்கா, பைனாகுலரை வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துடுதே?” ஏர்கான் அறையில் இரவு வைத்திருப்பீர்கள். முதல் நாள் இரவே கூடத்தில் வைத்துவிடுங்கள். சட்டையால் துடைக்காதீர்கள், கீறல் விழும். பத்து நிமிடத்தில் தானாகப் போய்விடும்.

இன்னொன்று: அலமாரியில் சும்மா வைத்த பைனாகுலரில் பூஞ்சை பிடித்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது சகஜம். உலர்பெட்டிக்குச் செலவு செய்ய மனமில்லையென்றால், காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடிவையுங்கள். நான் வைத்திருப்பது முறுக்கு டப்பாவில்.