சாயப்பட்டறையில் உப்பைக் குறைக்கும் வழி

ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையை எட்டாத திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணைப் பாசனமும் கெட்டதில் நிறத்தைவிட, சாயம் துணியில் ஏறச் சேர்க்கும் உப்புக்கே பங்கு அதிகம். நிறத்தை நுண்ணுயிரும் ரசாயனமும் எடுத்துவிடும். உப்பைப் பிரிக்க ஆர்.ஓ.வும் (சவ்வு வழியே நீரை அழுத்தி வடிக்கும் கருவி) எவாப்பரேட்டரும் (நீரை ஆவியாக்கி உப்பை எடுக்கும் கருவி) வேண்டும். செலவு ஏறுவதும் அங்கேதான். ஆகவே சாயத் தொட்டியிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள்.

முதலில் தண்ணீர் விகிதம். 100 கிலோ துணியை விஞ்ச் எனும் சாய மெஷினில் 1:10 விகிதத்தில் போட்டால் 1000 லிட்டர் தண்ணீர். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் என்றால் 80 கிலோ உப்பு. அதே துணிக்கு சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 1:6 என்றால் 48 கிலோ போதும். ஷேடு (நிறச் சாயல்) தவறி மறுசாயம் போட்டால் இந்த மிச்சம் அத்தனையும் போய்விடும். எனவே லேப் டிப் (ஆய்வகத்தில் சிறு துணியில் போடும் மாதிரிச் சாயம்) சரியாக வராமல் லாட்டை ஏற்றாதீர்கள்.

அடுத்தது, சாயத் தொட்டி நீரையும் முதல் அலசல் நீரையும் தனிக் குழாயில் பிரிப்பது. உப்பில் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் இருக்கிறது. மீதி அலசல் நீர் சுத்திகரிப்புக்குப் பின் ஆர்.ஓ.வுக்குச் சுலபமாகப் போகும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டுவிட்டு, பிறகு ஆர்.ஓ.வில் மீளும் நீர் குறைகிறது என்று புலம்பிப் பயனில்லை.

பட்டறைகள் அதிகம் தவறுவது உப்பு வகையில். சாதா உப்பு (சோடியம் குளோரைடு), கிளாபர் உப்பு (சோடியம் சல்ஃபேட்) இரண்டில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்தால் எவாப்பரேட்டரில் வருவது கலப்பு உப்பு. அதை வாங்க ஆளில்லாமல் ஷெட்டில் மூட்டையாகக் குவியும். கழிவுநீரை நடுநிலையாக்கும் அமிலமும் இதில் சேர்த்தி. கிளாபர் உப்பு பயன்படுத்தும் இடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் குளோரைடு ஏறும். சல்ஃபியூரிக் அமிலமே பொருந்தும்.

மீட்ட உப்புநீரைத் திரும்பச் சாயத்துக்கு எடுக்குமுன் மூன்றைப் பாருங்கள்: உப்பின் அளவு, கடினத்தன்மை, காரம். காரம் மிஞ்சியிருந்தால் சாயத்தைப் பிடிக்கவைக்கும் சோடா ஆஷ் போடும் முன்பே சாயம் பிடித்து, துணி திட்டுத்திட்டாக வரும். கடினத்தன்மை இருந்தால் ஷேடு மங்கும்.

ஆர்.ஓ. சவ்வுக்கு எமன் குளோரின். நிறம் நீக்க ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) போட்டிருந்தால், சோடியம் பைசல்ஃபைட் கொடுத்து, நீரில் மிஞ்சிய தனிக்குளோரினை லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்த பிறகே உள்ளே விடுங்கள். சாயமிட்ட துணியைச் சோப்பில் கழுவிய சூடான நீரையும் ஆறவைத்தே நுண்ணுயிர்த் தொட்டிக்கு அனுப்ப வேண்டும்; 40 டிகிரி தாண்டினால் நுண்ணுயிர் தளர்ந்துவிடும். ஆர்.ஓ. நல்ல நீர் வரத்து 10 முதல் 15 சதவீதம் குறைந்ததுமே சவ்வைக் கழுவுங்கள். தள்ளிப்போட்டால் படிவு இறுகி, பிறகு ரசாயனத்துக்கும் எளிதில் கரையாது.

உள்ளே வரும் தண்ணீர், திரும்பக் கிடைக்கும் தண்ணீர் இரண்டுக்கும் மீட்டர் வைத்து வாரம் ஒருமுறை கழித்துப் பாருங்கள். நீராவியும் ஈரத்துணியும் கொண்டுபோகும் அளவுக்கு மேல் வித்தியாசம் வந்தால், குழாய் எங்கோ ஒழுகுகிறது, அல்லது யாரோ வால்வைத் திறந்துவிடுகிறார்கள்.