கால் முந்துது, சலங்கை பிந்துது: வீடியோ எடிட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கலியாணவீடோ சாமத்திய வீடோ அரங்கேற்றமோ, ஒரு கமராவோடு இரண்டு போனும் சேர்ந்துதான் இப்போது படம் பிடிக்கின்றன. எடிட்டிங் பழக வருகிற பிள்ளைகள் எல்லாரும் அந்தப் போன் வீடியோவில்தான் முதல் தடுக்கி விழுகிறார்கள். சேவ் பண்ண மறப்பது, வேறு கிளிப்பை அழிப்பது போன்றவை ஒருதரம் பட்டால் தானே திருந்திவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை.

போன் வீடியோவை அப்படியே டைம்லைனில் போடுவது

இதுதான் பெரிய நட்டம். இன்னும் எரிச்சல் வருவதும் இதைப் பார்த்துத்தான்.

பழகுகிற ஒரு பெடியன் அரங்கேற்ற வீடியோ ஒன்றை முடித்துக் கொண்டுவந்தான். அலாரிப்பு சரியாக இருந்தது. வர்ணமும் பெரிதாகப் பிசகவில்லை. பதம் முடிந்து தில்லானா தொடங்கியபோது பிள்ளையின் கால் தரையில் பட்ட பிறகுதான் சலங்கைச் சத்தம் கேட்டது. அதைச் சரிக்கட்ட ஒலியைப் பல இடங்களில் வெட்டிக் கையால் நகர்த்தியிருந்தான். வெட்டிய இடமெல்லாம் மிருதங்கம் தாளம் தப்பியது. இரண்டு கிழமை வேலை, கடைசியில் முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டி வந்தது.

காரணம் எளிது. கமரா 25 என்று வைத்தால் செக்கனுக்கு 25 பிரேம், அதாவது 25 தனித்தனிப் படம்தான் எடுக்கும். போன் அப்படி இல்லை. 30 என்று வைத்தாலும் வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்து 24 வரைக்கும் இறங்கிவிடும். கோணேசர் மலையில் உச்சி வெயிலில் பிடித்தால் போன் சூடேறிப் பிரேமைத் தவறவிடும். இதற்கு வேரியபிள் பிரேம் ரேட் என்று பெயர். ஒலி மட்டும் எப்போதும் ஒரே வேகத்தில் பதிவாகும். ஒரு மணித்தியால வீடியோவில் சராசரி 29.7 பிரேம் என்று வையுங்கள். மொத்தம் 106,920 பிரேம். அதை 30 என்று எண்ணி ஓட்டினால் படம் 3,564 செக்கனில் முடியும், ஒலி 3,600 செக்கன் ஓடும். 36 செக்கன் வித்தியாசம். புதிய மென்பொருள்கள் பிரேமின் நேரக்குறிப்பை வாசித்து ஓரளவு சமாளிக்கும், ஆனால் நீளமான கிளிப்பில் அதை நம்பி இருக்கக்கூடாது.

ஒலியை மொத்தமாக இழுத்து நீட்டினாலும் சரிவராது. விலகல் சீராக வளர்வதில்லை. பதத்துக்கு மேடை வெளிச்சத்தைக் குறைத்த அந்தப் பத்து நிமிடத்தில் கூடும், வெளிச்சம் வந்ததும் நின்றுவிடும். தொடக்கத்தையும் முடிவையும் பொருத்தினால் நடுப்பகுதி பிசகும்.

வெட்டத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து 'பிரேம் ரேட் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'வேரியபிள்' என்று இருந்தால், வீடியோக் கோப்புகளை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போடுங்கள். 'புரொடக்ஷன் ஸ்டாண்டர்ட்' பிரீசெட்டைத் தெரிவு செய்து, வீடியோப் பகுதியில் பிரேம் ரேட்டைப் போனில் வைத்த அளவுக்கு (இங்கே 30) ஆக்கி, பக்கத்தில் 'கான்ஸ்டன்ட்' என்பதைக் குறியிடுங்கள். தரம் ஆர்எஃப் 16 முதல் 18. ஒலியில் சாம்பிள் ரேட் 48 கிலோஹேர்ட்ஸ். ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸ் நிறுத்தியிருக்கட்டும். வருகிற கோப்பு மூலத்தைவிடப் பல மடங்கு பெரிதாகலாம், டிஸ்க்கில் இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்தப் புதிய கோப்பை மட்டும் எடிட்டிங்குக்குள் கொண்டுவாருங்கள். மூலத்தை அழிக்கக் கூடாது.

வெட்டி முடித்த பிறகு இதைச் செய்தால் வேலை இரட்டிப்பாகும். புதிய கோப்பில் பிரேம்களின் எண்ணிக்கை வேறு, அதனால் பழைய வெட்டுகள் தள்ளிப்போகும். ஒவ்வொன்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை பாதியைக் கடந்துவிட்டால் முதலில் அந்தக் கிளிப்பின் சோர்ஸ் அமைப்பில் 'பிரிசேர்வ் ஓடியோ சிங்க்' இருக்கிறதா என்று பாருங்கள். சில வேளை அதுவே காப்பாற்றும்.

இதைவிட நல்லது, பிடிக்கும்போதே தவிர்ப்பது. ஐபோனில் செட்டிங்ஸ், கமரா, ரெக்கோர்ட் வீடியோ என்று போய் 'ஓட்டோ எஃப்பிஎஸ்'ஸை நிறுத்துங்கள். 'ஷோ பால் ஃபோர்மட்ஸ்' என்பதைப் போட்டால் 25 பிரேம் தெரிவு வரும். அதே இடத்தில் எச்டிஆர் வீடியோவையும் நிறுத்திவிடுங்கள், எடிட்டிங்கில் முகங்கள் வெளிறித் தெரிவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். ஆண்ட்ரொய்டில் பிளாக்மேஜிக் கமரா போன்ற செயலியில் பிரேமையும் ஷட்டரையும் கையால் பூட்டலாம்.

பிரேம் ரேட்டை யோசிக்காமல் புரொஜெக்ட் தொடங்குவது

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கோப்புகள் உள்ளே வந்துவிட்டால் புரொஜெக்ட்டின் பிரேம் ரேட் பூட்டிக்கொள்ளும். முதலில் அமைப்பு, பிறகு கோப்பு. 30இல் பிடித்ததை 25இல் போட்டால் ஆறு பிரேமுக்கு ஒன்று காணாமல் போகும், நடந்து வருகிற மாப்பிள்ளை வெட்டி வெட்டி நடப்பார். எல்லாக் கருவியும் 25 என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மண்டப லைட்டில் ஓடும் கோடுகள்

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். ஷட்டர் (ஒரு பிரேமுக்கு வெளிச்சம் விடும் நேரம்) 1/60 செக்கனில் நின்றால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊரும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மேடைப் பின்னணியில் எல்இடி திரை இருந்தால் அதன் மினுக்கம் வேறு வேகத்தில் இருக்கும், தாலி கட்டுக்கு முன்னரே ஒரு நிமிடம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எடிட்டிங்கில் இதை முழுதாக அழிக்க முடியாது. ரிசால்வின் டீஃபிளிக்கர் காசு கட்டிய பதிப்பில்தான் உண்டு. அதே கிளிப்பை மேலே இன்னொரு தரம் வைத்து, ஒரு பிரேம் தள்ளி, ஒபாசிட்டியை 50 வீதமாக்கி அரைகுறையாகத் தெரியவைத்தால் பட்டை மங்கும். கையசைவு நிழலாடும் என்பதால் அசைவு குறைந்த காட்சிக்கு மட்டும்.

பாமினியில் பெயர் போடுவது

அழைப்பிதழ் அச்சகத்திலிருந்து வருகிற பெயர்கள் பாமினி என்ற பழைய, யுனிகோடு அல்லாத எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத லப்டொப்பில் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். யுனிகோடுக்கு மாற்றி நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லதாவில் போடுங்கள்.

யுனிகோடுக்குப் போனதும் அடுத்த சிக்கல் வரும்: கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. பிரீமியரில் ப்ரிஃபரன்ஸஸ், கிராஃபிக்ஸ் என்று போய் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' ஆக்கி, பிறகு புதிதாக ஒரு எழுத்துப் பெட்டி திறந்து எழுத வேண்டும். ஃபோட்டோஷொப்பில் 'வேர்ல்ட் ரெடி' என்ற அமைப்பு. சோதிக்க 'திருகோணமலை' என்று தட்டுங்கள். 'கோ', 'லை' இரண்டும் ஒழுங்காக நின்றால் மற்றவையும் நிற்கும்.

மெமரி கார்டிலிருந்தே எடிட் பண்ணுவது

வேண்டாம்.

கார்டில் வீடியோவை மட்டும் தேடிக் கொப்பி பண்ணுவது

கார்டு முழுவதையும் ஃபோல்டர்களோடு எடுங்கள். நீளமான பதிவைச் சில கமராக்கள் 4 ஜிபி துண்டுகளாக உடைத்து எழுதும், எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற விபரம் பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கும். இரண்டு டிஸ்க்கில் கொப்பி இருந்த பிறகே கார்டை ஃபோர்மட் பண்ணலாம்.

'மீடியா ஓஃப்லைன்' சிவப்புத் திரை

பயப்படத் தேவையில்லை. ஃபோல்டரின் பெயர் மாறியிருக்கும், அல்லது கணினி டிஸ்க்குக்குக் கொடுக்கும் எழுத்து (E:, F: போன்றது) மாறியிருக்கும். ஒரு கோப்பைக் காட்டினால் மற்றவற்றை மென்பொருளே தேடிக்கொள்ளும்.

பென் டிரைவில் ஏறாத கலியாணம்

1080 அளவில் 8 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 8 மெகாபிட்) நல்ல தரம். ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு அது 7.2 ஜிபி. ஃபாட்32 முறையில் ஃபோர்மட் பண்ணிய பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபாட் ஆக்கினால் ஏறும், வீட்டிலுள்ள பழைய டிவி வாசிக்காமல் போகலாம். கலியாணத்தை ஒவ்வொரு மணித்தியாலமாக இரண்டு கோப்பாக வெளியே எடுங்கள். ஒன்று 3.6 ஜிபி வரும். வீடியோ எச்.264, கோப்பு எம்பி4, ஒலி ஏஏசி என்று தெரிவு செய்யுங்கள். எச்.265 வேண்டாம், பல டிவிகளில் ஒலி மட்டும் கேட்கும். வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது டொக்யுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், வீடியோவாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். டொக்யுமென்ட்டுக்கும் 2 ஜிபி எல்லை உண்டு, ஆகவே அவர்களுக்கு அந்த இரண்டு கோப்பையும் 4 எம்பிபிஎஸ்ஸில் தனியாக எடுத்து வையுங்கள்.