மலையில்லாத ஊரில் தேய்ந்த கிளச்

கல்லடியில் ஒரு கராஜில், பழைய டயர் ஒன்றின் மேல் வைத்து என் காரின் கிளச் பிளேட்டைக் காட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டை விடச் சின்ன வட்டத் தகடு. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டிய உராய்வுப் பட்டை, ஆணித் தலை தெரியும் அளவுக்குப் போய்விட்டது. ஓரமெல்லாம் கறுத்து, கிட்டப் போனாலே எரிந்த மணம். 2019இல் புதிதாகப் போட்டது. ஓடியது 31,000 கிலோமீற்றர்தான்.

"டீச்சர், இது ஓடித் தேஞ்ச பிளேட் இல்ல, மிதிச்சுத் தேஞ்சது. இடது காலை எங்க வைச்சு ஓடுறீங்க?" என்று மெக்கானிக் தம்பி கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. மட்டக்களப்பில் மலை ஏது? கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை தட்டில் கோதுமை மாவைப் பரப்பினதுபோல றோட்டு. பதுளைக்காரர் கிளச் தேய்ந்தது என்றால் ஒரு நியாயம் இருக்கிறது. மெக்கானிக் ஒன்றும் வாதாடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். "இப்பத் தேயாது." கைகளைப் பிரித்தார். "இப்பவும் தேயாது." பிறகு லேசாகத் தொட்டபடி ஒன்றின் மேல் ஒன்றை உரசினார். "இதுதான் தேய்க்கிறது. கை சுடும் பாருங்க."

கிளச்சின் வேலை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பிளைவீல் ஒரு பக்கம், பிரஷர் பிளேட் மறுபக்கம், நடுவில் கியர்பொக்ஸுக்குப் போகும் கிளச் பிளேட். பெடலில் கால் இல்லாதபோது ஸ்பிரிங் மூன்றையும் இறுக்கி ஒன்றாகச் சுற்றவைக்கும். முழுதாக மிதித்தால் பிளேட் தனியாக விடுபடும். பாதி மிதித்த நிலையில்தான் வழுக்கி உரசும், சூடாகும், தேயும். ஆகவே எத்தனை கிலோமீற்றர் ஓடினீர்கள் என்பதைவிட, எத்தனை விநாடி அரைக் கிளச்சில் நின்றீர்கள் என்பதுதான் கணக்கு. நிதானமாக ஓட்டுகிறவர்களிடம் ஒரு லட்சத்தைத் தாண்டிய கிளச்சும் உண்டு.

வீட்டுக்கு வந்து என் பாதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மூன்று இடம் அகப்பட்டது.

முதலாவது காத்தான்குடி. நடுவில் பேரீச்ச மரம் நட்ட பிரதான வீதியில், காலை ஏழு மணிக்குச் சைக்கிளும் ஓட்டோவும் பள்ளிப் பிள்ளைகளுமாக நகரவே முடியாது. அந்த இரண்டு கிலோமீற்றருக்கும் என் இடது கால் பெடலை விட்டு இறங்குவதே இல்லை. சும்மா வைத்திருக்கிறேன், மிதிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் காலின் பாரமே ஸ்பிரிங்கின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தப் போதும். வழுக்கல் கண்ணுக்குத் தெரியாது. பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பெயரிங்கும் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது குருமண்வெளிப் பாதை. வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம்: எங்கள் ஊரில் 'பாதை' என்றால் வாகனம் ஏற்றும் தட்டைப் படகும்தான். மண்டூரில் படிப்பிக்கும் காலத்தில் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து மேற்குக் கரையான படுவான்கரைக்கு அதில்தான் போவேன். துறையின் சரிவில் முன்வாகனம் ஏறும்வரை காத்து நிற்க வேண்டும். நான் ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதில்லை. கிளச்சையும் அக்சிலரேட்டரையும் சரிக்குச் சரி பிடித்து, காரை அந்தரத்தில் நிறுத்திவைப்பேன். அதைத் திறமை என்று வேறு நினைத்திருந்தேன், பாருங்கள். பிளேட்டுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது: கார் அசையாமல் நிற்க, எஞ்சின் சுற்றும் அவ்வளவும் வெப்பமாகப் பிளேட்டிலேயே இறங்குகிறது.

மூன்றாவது 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் நின்ற பெற்றோல் வரிசை. ஓட்டோக்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் ஸ்டார்ட் செய்து, அரைக் கிளச்சில் இரண்டு முழம் நகர்ந்து, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்து... ஒரு நாள் முழுக்க. பிளேட்டின் ஆயுளில் எவ்வளவை அந்த வரிசையில் விட்டேனோ.

சரி, மாற்றியது என்ன? முதலில் காலுக்கு ஒரு இடம். கியர் மாற்றி முடிந்தால் இடது கால் பெடலின் இடப்பக்கம் தரையில். முதல் ஒரு வாரம் கால் தன்பாட்டில் மேலே ஏறும், கவனித்து இறக்குங்கள். உயரமான குதி உள்ள செருப்போடு இது சரிவராது. நான் காருக்குள் ஒரு சாதாரண பாட்டா ஜோடி வைத்திருக்கிறேன்.

நெரிசலில் ஒவ்வொரு முழத்துக்கும் நகராதீர்கள். முன்னால் ஒரு கார் நீளம் விழட்டும். முதல் கியரைப் போட்டு, கிளச்சை முழுதாக விட்டு உருளுங்கள். ஓட்டோ ஒன்று அந்த இடைவெளிக்குள் மூக்கை நுழைக்கும், நுழைக்கட்டும். அரை நிமிடத்துக்கு மேல் நின்றால் நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். முழுதாக மிதித்துக்கொண்டு நின்றால் பிளேட் தேயாதுதான், ஆனால் ரிலீஸ் பெயரிங் தேயும். அதை மாற்றவும் கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

சரிவில் ஏறுவதற்கு ஹேண்ட் பிரேக்கைப் பழகுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கால்களை எடுத்து நில்லுங்கள். புறப்படும்போது முதல் கியர், கொஞ்சம் அக்சிலரேட்டர், கிளச்சை மெதுவாக மேலே விடுங்கள். காரின் மூக்கு லேசாக எழும்பும், எஞ்சின் சத்தம் தாழும். அதுதான் பிடிக்கும் இடம். அந்தக் கணத்தில் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பிறகு தாமதிக்காமல் கிளச்சை முழுதாக விட்டுவிடுங்கள். எஞ்சினை அலறவிட்டுப் பிறகு கிளச்சை விடுவது பிளேட்டை எரிப்பதற்குச் சமம். கார் ஓட்டப் பழகும் என் மருமகன் இரண்டாம் கியரில் புறப்படுவான், "மாமி, ஓடுதுதானே" என்பான். ஓடும், ஆனால் கிளச் கூடுதல் நேரம் வழுக்கி அந்த ஓட்டத்தைக் கொடுக்கிறது.

பதுளைக்குப் போனால் கதை கொஞ்சம் மாறும். செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை வரை பெரிய ஏற்றமில்லை. லுணுகலை, பசறைப் பக்கம் வளைவும் ஏற்றமும்தான். அங்கே கார் திணறினால் கிளச்சைத் தொட்டுத் தொட்டு எஞ்சினை எழுப்பாதீர்கள், நேரத்தோடு ஒரு கியர் இறங்கிவிடுங்கள். இறக்கத்தில் கிளச்சை மிதித்தபடி உருளுவது கிளச்சுக்கும் கூடாது, உயிருக்கும் கூடாது.

கடற்கரை மணலில் சில்லுப் புதைந்தால் இரண்டே முயற்சி. பிறகு அக்சிலரேட்டரை விட்டுவிட்டுச் சில்லுக்கு முன்னால் மணலை வாருங்கள், பலகையோ தென்னோலையோ போடுங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள். பாசிக்குடாவில் ஒரு வான்காரர் மணலிலிருந்து வெளியே வர முயன்று, ஒரு மாலைக்குள்ளேயே புதுக் கிளச்சைக் கருக்கியதை நேரில் பார்த்தேன். அந்த மணம் ஒரு தரம் மூக்கில் ஏறினால் பிறகு எங்கேயும் அடையாளம் தெரியும்.

இப்போது உங்கள் காரைச் சோதிக்கும் விதம். ஆளில்லாத, முன்னால் சுவர் இல்லாத சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறுக்க இழுத்து, வலது காலைப் பிரேக்கில் வையுங்கள். எஞ்சின் ஓடட்டும். மூன்றாம் கியரைப் போட்டுக் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுபோனால் பிடி இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. உடனே கிளச்சை மிதித்துவிடுங்கள். ஒரு தரம் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே பிளேட்டைத் தின்றுவிடும். இதைவிட எளிது, வெறும் றோட்டில் நாலாம் கியரில் மணிக்கு 40, 50 கிலோமீற்றரில் போகும்போது அக்சிலரேட்டரை நன்றாக அழுத்துவது. சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. எனக்கு அந்த அறிகுறி ஒரு மாதம் முன்பே வந்தது. எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

என்னுடையது மாருதி அல்டோ, கேபிள் கிளச். இந்த வகையில் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தால், முதலில் கொஞ்சத் தூரம் எதிர்ப்பில்லாமல் போக வேண்டும். அதைத் தளர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் தேயத் தேய அந்தத் தளர்வு குறையும். முற்றாக இல்லாமல் போனால், நீங்கள் காலை வைக்காமலேயே யாரோ பெடலில் கால் வைத்திருப்பதுபோல ஆகிவிடும். கேபிளின் நுனியில் உள்ள நட்டைத் திருப்பி அளவைத் திரும்ப வைக்கலாம், பத்து நிமிட வேலை. சரியான அளவு வாகனத்தோடு வந்த கைநூலில் இருக்கும். ஒவ்வொரு சேர்விஸிலும் இதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள். கேபிளுக்குப் பதில் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் கிளச்சில் இந்தத் தளர்வு பெரும்பாலும் தன்பாட்டில் சரியாகிக்கொள்ளும். அதில் கவனிக்க வேண்டியது ஒயில் கசிவை.

எல்லாப் பழியும் காலுக்கல்ல. எஞ்சினின் பின்பக்கம் ஒயிலை அடைத்து வைக்கும் சீல் கசிந்து பிளேட்டில் ஒயில் பட்டாலும் வழுக்கும், புறப்படும்போது உதறும். புதுப் பிளேட்டைப் போட்டுச் சீலை அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் திரும்ப அதே செலவு. கியர் விழும்போது கரகரத்தால் அது தேய்வு என்பதைவிட, கிளச் முழுதாக விடுபடாததன் அறிகுறி. பெடலை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் ரிலீஸ் பெயரிங்கைச் சந்தேகியுங்கள். மிதித்தால் அடங்கி, விட்டால் வரும் இரைச்சல் கியர்பொக்ஸ் பக்கம்.

மாற்றுவதென்றால் பிளேட், பிரஷர் பிளேட், பெயரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். இறக்கி ஏற்றும் கூலி எப்படியும் ஒன்றுதான். பிளைவீலின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம் பாய்ந்தோ கோடு விழுந்தோ இருந்தால் முகத்தைச் சீவிச் சமப்படுத்த லேத்துக்குப் போக வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், பழைய பிளேட்டுகளில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கக்கூடும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய காரைக் காப்பாற்ற வேண்டி இருந்ததால்தான் இவ்வளவும் படித்தேன். இல்லாவிட்டால் விற்றுவிட்டு வேறு வாங்கியிருப்பேன்.

புதுப் பிளேட் போட்ட முதல் சில நூறு கிலோமீற்றருக்கு அதன் முகம் படிய வேண்டும். பாரம் ஏற்றாதீர்கள், நெல் மூட்டை கேட்டு யாராவது வந்தால் அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள்.

வழியில் வழுக்கத் தொடங்கிவிட்டால் உயர்ந்த கியரில் இழுக்காதீர்கள். ஏசியை நிறுத்தி, மூன்றாம் கியரில் அக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி, மணிக்கு 30 கிலோமீற்றர். பழைய பிளேட்டோடு களுவாஞ்சிகுடியிலிருந்து கல்லடிக்கு நான் அப்படித்தான் வந்தேன். பின்னால் வந்த பஸ் கோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. புதுப் பிளேட் 26,000 ஓடிவிட்டது, பெடலின் தளர்வு பெரிதாக மாறவில்லை. இப்போது காத்தான்குடியில் நான் விடும் இடைவெளியில் ஓட்டோக்கள் நுழைகின்றன.