உறைபனிக் காலத்தில் வீட்டு பியர்: புரொப்பேன் அடுப்பைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை

பியர் காய்ச்சுவதற்குக் குளிர்காலமே உகந்த பருவம் என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. பவேரியாவில் 1553ஆம் ஆண்டுச் சட்டம், கோடையில் பியர் கெட்டுவிடுகிறது என்பதால், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை அதைக் காய்ச்சுவதையே தடை செய்தது. இன்று கனடாவில் விற்பனைக்கு அல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் பியர் காய்ச்ச அனுமதி உண்டு. அங்கே பலர் கொல்லைப்புறத்தில் புரொப்பேன் (சிலிண்டரில் வரும் எரிவாயு) அடுப்பை வைத்துத்தான் காய்ச்சுகிறார்கள். (தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம்; இக்குறிப்பு அங்குள்ளவர்களுக்கு உரியதன்று.) ஒன்ராறியோவிலோ மனிடோபாவிலோ சனவரி மாதத்தில் இந்த வேலையில் இறங்குபவர், அடுப்பைக் கூரைக்குக் கீழே கொண்டுவராமலும், சூடான எதையும் பனிக்கட்டியின் மேல் தூக்கி நடக்காமலும் இருக்கும்படி அன்றைய வேலையை முன்கூட்டியே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். மற்ற எச்சரிக்கைகள் பெரும்பாலும் இவ்விரண்டிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் இடத்தைத் தீர்மானியுங்கள். குளிர் கடுமையாகும்போது அடுப்பைக் கராஜுக்குள் தள்ளிவிட்டு, பெரிய கதவைத் திறந்து வைத்தால் போதும் என்ற எண்ணம் எழும். அது போதாது. இவ்வகைப் பர்னர்கள் மணிக்கு 60,000 பிடியு (வெப்ப அளவின் அலகு) அல்லது அதற்கும் மேலான வெப்பத்தைத் தருபவை. சமையலறை எரிவாயு அடுப்பின் ஒரு பர்னரைவிடப் பல மடங்கு வலிமை கொண்டவை. அவை வெளிவிடும் புகையைக் காற்று திருப்பி உள்ளே தள்ளினால், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு கராஜில் தேங்கி, அதனோடு ஒட்டிய வீட்டுக்குள்ளும் நுழையும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். குளிரில் நெடுநேரம் நின்ற களைப்பு என்று அவற்றை எளிதில் தவறாக எண்ணிவிடலாம் என்பதால், வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்பதை அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். அடுக்குமாடி பால்கனி, மரத்தாலான டெக், தாழ்வாரம் ஆகிய மூன்றும் இந்த வேலைக்கு ஏற்றவையல்ல.

வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, மேலே கிளையோ கூரையோ இல்லாத சமதளத்தைத் தேர்ந்தெடுங்கள். வினைல் சுவர்ப்பலகை பர்னரின் வெப்பத்தில் உருகிவிடும். தரையில் உள்ள பனியை மட்டுமல்லாமல், அதன் அடியில் உறைந்த பனிக்கட்டியையும் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லையெனில் அடுப்பின் வெப்பத்தில் கட்டி உருக, ஒரு கால் மட்டும் இறங்கி, 25 லிட்டர் கொதிநீருடன் பானை சாயும். ஈரம் ஊறி உறைந்த கான்கிரீட் திடீர் வெப்பத்தில் பொரிந்து சிதறக்கூடும் என்பதால், அதன் மேல் தடித்த, உலர்ந்த தளக்கற்களைப் பரப்பி அவற்றின் மீது அடுப்பை நிறுத்துங்கள். நீங்கள் நடமாடும் வழியெங்கும் மணல் தூவுங்கள். காற்றுத் தடுப்பு வேண்டுமானால் காற்று வரும் ஒரு பக்கத்தில் மட்டும் தகடு ஒன்றை நிறுத்தலாம். நான்கு புறமும் மறைத்தால் தீ மஞ்சளாகிப் புகை கக்கும். சிலிண்டர் அந்த மறைப்புக்குள் அகப்பட்டால் அதுவும் சூடேறும்.

குளிரில் பலரைக் குழப்புவது சிலிண்டரின் நடத்தைதான். புரொப்பேன் −42 டிகிரி செல்சியஸில் கொதிப்பது; ஆகவே கனடாவின் சாதாரணக் குளிரில் அது ஆவியாவது நின்றுவிடுவதில்லை, ஆனால் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. 20 டிகிரியில் சிலிண்டருக்குள் ஏறத்தாழ 105 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் இருக்கும். −20இல் அது 20 பிஎஸ்ஐ அளவுக்கும், −30இல் 10 பிஎஸ்ஐ அளவுக்கும் இறங்கிவிடும். 10 முதல் 30 பிஎஸ்ஐ வரை கேட்கும் பர்னருக்கு அங்கே கொடுக்க எதுவும் மிஞ்சாது. மேலும், திரவம் ஆவியாகும்போது தன் வெப்பத்தையே செலவிடுவதால் சிலிண்டர் சுற்றுக் காற்றைவிடவும் குளிர்ந்து, அதன் வெளிப்புறத்தில் திரவம் நிற்கும் மட்டம் வரை வெண்பனி படியும். சிலிண்டருக்குக் கம்பளி போர்த்துவது பயனற்றது என்பதற்கும் இதுவே காரணம்: சிலிண்டர் காற்றிலிருந்துதான் வெப்பத்தைப் பெறுகிறது, கம்பளி அந்த வழியை அடைக்கிறது. வெந்நீர் ஊற்றுவது, மின்சார விளக்கால் சூடாக்குவது, அடுப்புக்கு அருகே நகர்த்துவது எல்லாம் அபாயகரமானவை. திரவம் சுவரைத் தொடும் பரப்பு மிகுதியாக இருந்தால் ஆவியாதலும் மிகுதியாகும்; ஆகவே முழுதும் நிரம்பிய 20 இறாத்தல் (பவுண்டு) சிலிண்டர்கள் இரண்டை வைத்துக்கொண்டு, ஒன்று வெளுத்துச் சோர்ந்ததும் மற்றொன்றுக்கு மாறுவதே சரியான வழி. கழுத்தில் பொறித்துள்ள தேதியையும் பாருங்கள். கனடாவில் 10 ஆண்டு கடந்த சிலிண்டரை மறுசோதனை இன்றி நிரப்ப மாட்டார்கள். −20க்குக் கீழே போகும் நாளில் காய்ச்சுவதை ஒத்திவைப்பதே என் பரிந்துரை. பொறுக்கமுடியாதவர்கள் சமையலறை மின்னடுப்பில் 8 லிட்டர் அளவில் காய்ச்சிக்கொள்ளலாம்.

குழாயும் ரெகுலேட்டரும் இணைந்த பின் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். சோப்பு நீர் உறைபனியில் நொடிகளில் கட்டியாகிவிடும் என்பதால், வெதுவெதுப்பான சோப்பு நீரை உள்ளிருந்து எடுத்து வந்து, இணைப்புகளில் தடவி உடனே குமிழி வருகிறதா என்று கவனித்து, பிறகு துடைத்துவிடுங்கள். குளிருக்கென்றே விற்கப்படும் கசிவறி திரவம் இன்னும் நல்லது. குளிரில் விறைத்த மூக்கை நம்பி மணத்தைக் கொண்டு கசிவைத் தீர்மானிக்க வேண்டாம். ரெகுலேட்டரின் சுவாசத் துளை கீழ்நோக்கி இருக்கட்டும். அதில் பனி அடைத்தால் அழுத்தக் கட்டுப்பாடு தவறிவிடும். பர்னர் குமிழ் மூடியிருக்கும் நிலையில் சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறவுங்கள். வேகமாகத் திறந்தால் பாதுகாப்புத் தடுப்பு இயங்கி வாயுவை மட்டுப்படுத்தும், தீ சிணுங்கும், நீங்கள் குளிரைக் குறை கூறுவீர்கள். அவ்வாறு நேர்ந்தால் இரண்டையும் மூடிச் சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்குங்கள்.

மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) 65 முதல் 68 டிகிரி வரையான வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கும் வேலையை வீட்டுக்குள் செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. சமையலறையில் நீரைச் சூடாக்கி, வெப்பங்காக்கும் பெட்டியில் ஊறவைத்து, வடிந்த வோர்ட்டை (மால்ட்டின் இனிப்புச் சாறு) மூடியுள்ள சிறு பாத்திரத்தில் சிறிது சிறிதாக வெளியே கொண்டு சென்று பானையில் சேர்த்தால், குளிர்காற்று ஊறலின் வெப்பத்தைத் திருடுவதும் இல்லை, முழுப் பானையைத் தூக்கவும் தேவையில்லை.

கொதி தொடங்கும் கட்டத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள். 19 லிட்டர் பியருக்கு ஏறத்தாழ 26 லிட்டர் வோர்ட் வேண்டும். அதற்கு 38 லிட்டர்ப் பானை பொருத்தம். 95 டிகிரியைத் தாண்டியதும் பால் பொங்குவதைப் போல நுரை எழும். உறைபனிக் காற்றில் ஆவி அடர்ந்த வெண்மூட்டமாகப் பானையை மறைப்பதால், நுரை விளிம்பை எட்டிய பிறகே கண்ணில் படும். காற்று வரும் திசையில் நின்று, ஆவியின் இடைவெளியில் மேற்பரப்பைப் பார்த்து, நுரை உயரும்போதே தீயைக் குறையுங்கள். முதல் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்கள்) போடும்போதும் நுரை சீறும். மால்ட் சாற்றுக் குழம்பைச் சேர்ப்பதாயின் தீயை முற்றிலும் அணைத்துவிட்டே சேர்த்துக் கிளறுங்கள். குளிருக்குப் பயந்து பானையை மூடிவைக்கக் கூடாது. வோர்ட்டிலிருந்து வெளியேற வேண்டிய டைமெத்தில் சல்பைடு உள்ளேயே தங்கி, வெந்த சோளத்தின் மணம் பியரில் ஏறும்.

உடையைப் பொறுத்தவரை, நைலான் குளிரங்கி தீயருகே உருகும், தொங்கும் கழுத்துத்துண்டு பற்றிக்கொள்ளும். பின்னல் கையுறை கொதிநீரை உறிஞ்சித் தோலோடு பிடித்துக்கொள்வதால், சிலிக்கோன் அல்லது தோல் கையுறையே தகும். காற்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் சிந்திய வோர்ட் நேரே பாதத்தில் இறங்கும். உலர்தூள் தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். சிலிண்டர் அருகே தீப்பிடித்து வால்வை எட்ட முடியாது போனால், எல்லோரையும் விலக்கிக்கொண்டு தொலைவுக்குச் சென்று 911ஐ அழையுங்கள்.

ஒரு மணி நேரக் கொதிக்குப் பின் குளிர்விப்பதில் குளிர்காலம் உங்கள் பக்கம் நிற்கிறது. குழாய் நீரே சில்லென்று வருவதால், அந்த நீர் உள்ளே ஓடும்படி பானைக்குள் இறக்கும் செப்புச் சுருள் வோர்ட்டை விரைவில் 20 டிகிரிக்குக் கொண்டுவரும். கிருமி நீக்கத்துக்காகக் கொதியின் கடைசி 15 நிமிடம் சுருளை உள்ளே இறக்கும்போது, முன்பு அதனுள் தங்கிய நீர் கொதித்து முனைகளிலிருந்து பீறிடும். முனைகளை ஆளில்லாத பக்கம் திருப்பிக் கட்டுங்கள். வெளிக்குழாய் குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கும் என்பதால், பேஸ்மென்ட் தொட்டிக் குழாயிலிருந்து நீரைக் கொண்டுவந்து, வெளியேறும் நீரை நடைபாதைக்கு எட்டாத பனிக்குவியலுக்குள் விடுங்கள். அதே நீர் பாதையில் ஓடினால் அடுத்த சில நிமிடங்களில் கண்ணாடித் தளமாகிவிடும். பானையைப் பனிக்குள் புதைப்பதில் பெரிய பலன் இல்லை; சுற்றியுள்ள பனி உருகி விலகி, இடையில் காற்று நிற்கும், பானையும் சாயும். ஆறிய வோர்ட்டை இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் பகிர்ந்து உள்ளே எடுத்துச் சென்று ஈஸ்ட் சேருங்கள். ஈரக் கையுறையுடன் கண்ணாடிக் குடுவையைத் தூக்கி வழுக்கும் படியேறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கொதி முடிந்ததும் அடுப்பை அணைக்கும்போது சிலிண்டர் வால்வை முதலில் மூடி, குழாயில் எஞ்சிய வாயு எரிந்து தீர்ந்த பிறகே பர்னர் குமிழை மூடுங்கள். செப்புச் சுருளில் ஊதி நீரை முழுதும் வெளியேற்றாவிட்டால் அது இரவில் உறைந்து வெடிக்கும். ரப்பர்க் குழாயையும் ரெகுலேட்டரையும் கழற்றி உள்ளே வைக்கலாம். சிலிண்டரை மட்டும் நிமிர்த்தியபடி வெளியிலேயே விடவேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தாழ்வான இடம் தேடி இறங்கும் என்பதால், பேஸ்மென்ட் சன்னலிலிருந்தும் வீட்டுக்குள் காற்றிழுக்கும் குழாய்களிலிருந்தும் அதைத் தள்ளியே வையுங்கள்.