கூரைத் தண்ணீரைக் குடிக்கலாமா? மலையக வீடுகளுக்கான வழிமுறை

மழைத்தண்ணீர் கெட்டுப்போவது பெரும்பாலும் கூரையைத் தொட்ட பிறகுதான். பறவை எச்சம், எலிப்புழுக்கை, குரங்கு விட்டுப்போன அசிங்கம், விறகடுப்புக் கரி, அழுகிய இலை எல்லாம் அங்கேதான் சேர்கின்றன. கடைசியில் வடிகட்டி வாங்கிப் பொருத்துவதற்குச் செலவழிக்கும் பலர், ஏணி வைத்து ஏறிக் கூரைப் பீலியை எட்டிப் பார்ப்பதில்லை. அழுக்கைத் தாங்கிக்குள் விடாமல் தடுப்பதே முதல் வேலை, கிருமி கொல்வது அதற்குப் பிறகு.

எவ்வளவு கிடைக்கும் என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். சிந்துவது, ஆவியாவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடலாம். 30 சதுர மீற்றர் கூரையில் மாதம் 100 மில்லிமீற்றர் பெய்தால் 2,400 லீற்றர் சேரும். குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 5 லீற்றர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 25 லீற்றர். 1,000 லீற்றர் தாங்கி 40 நாளைக்குப் போதும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது. அதே மாதங்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வறண்ட கச்சான் காற்றுத்தான் அடிக்கும், ஊற்றுப் பீலிகளும் மெலிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு 1,000 லீற்றர் காணாது. 1995இல் பதுளை மாவட்டத்தில் சமூக நீர்வழங்கல் திட்டம் அறிமுகப்படுத்திய பூசணி வடிவக் கம்பிச் சீமெந்துத் தாங்கிகள் 5,000 லீற்றர் கொள்பவை. சிக்கனமாகப் பாவித்தால் அதில் 200 நாள் ஓட்டலாம்.

கூரை

துருப்பிடிக்காத தகரமும் ஓடும் நல்லவை. தார் பூசிய பழைய லயத்துத் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) தகரத்திலிருந்தும் ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய வர்ணம் உரியும் கூரையிலிருந்தும் வரும் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். துணி துவைக்க, கழுவ வைத்துக்கொள்ளலாம். காய்ச்சினாலும் ஈயம் போகாது. அஸ்பெஸ்டாஸ் சீட்டைப் பற்றிப் பலருக்குப் பயம். அதன் ஆபத்து முக்கியமாகத் தூசியைச் சுவாசிப்பதில்தான் இருக்கிறது. ஆகவே உலர்ந்த சீட்டைத் தேய்ப்பது, வெட்டுவது, துளைப்பது வேண்டவே வேண்டாம்.

கூரைமேல் சாயும் கிளைகளை வெட்டுங்கள். குரங்கும் எலியும் வருவது அந்த வழியாகத்தான். பக்கத்துத் தேயிலை மலையிலோ மரக்கறித் தோட்டத்திலோ மருந்து அடிக்கும் நாளில் தாங்கிக்குப் போகும் குழாயைக் கழற்றி வெளியே திருப்பிவிடுங்கள். அடுத்த நல்ல மழை கூரையைக் கழுவும்வரை அப்படியே இருக்கட்டும். குளோரின் போட்டாலும் காய்ச்சினாலும் மருந்து போகுமென்று நம்ப முடியாது.

கூரைப் பீலிக்கு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு வேண்டும். குறைந்தால் தண்ணீர் தேங்கும், இலை அழுகும், நுளம்பு முட்டையிடும்.

முதல் மழையைக் கழிக்கும் குழாய்

பெரும்பாலான வீடுகளில் இல்லாதது இதுதான். இதைவிட மலிவான பாதுகாப்பும் இல்லை. கூரையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் தண்ணீர், தாங்கிக்குப் போகாமல் தனியாக ஒரு செங்குத்துக் குழாயில் விழவேண்டும். குழாய் நிறைந்த பிறகு வருவதுதான் தாங்கிக்குள் போகும். அளவு சதுர மீற்றருக்கு அரை லீற்றராவது வேண்டும். கரியும் எச்சமும் அதிகமென்றால் ஒரு லீற்றர். 30 சதுர மீற்றர் கூரைக்கு 15 முதல் 30 லீற்றர். நாலு அங்குல பீவீசீ குழாய் மீற்றருக்கு ஏறக்குறைய 8 லீற்றர் கொள்ளும். 15 லீற்றருக்கு இரண்டு மீற்றர் போதும். 30 லீற்றருக்கு நாலு மீற்றர் தேவைப்படும், லயத்துச் சுவரில் அவ்வளவு உயரம் கிடைக்காது. அதற்குப் பதிலாக மூடியுள்ள சிறிய பரல் ஒன்றை வைத்துவிடலாம்.

குழாயின் அடியில் திருகி மூடும் மூடி போட்டு, அதில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் துளை இடுங்கள். மழை விட்டதும் சொட்டுச் சொட்டாக வடிந்து, அடுத்த மழைக்குக் குழாய் காலியாகிவிடும். இங்கேதான் வழக்கமாகப் பிழை வரும். துளையில் கரி அடைத்துக்கொள்ளும், குழாய் எப்போதும் நிறைந்தே கிடக்கும், அடுத்த முதல் மழை நேராகத் தாங்கிக்குள் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். நாள்தோறும் மழை பெய்யும் காலத்தில் கூரை தானே சுத்தமாக இருக்கும். வெயில் காய்ந்த பிறகு வரும் முதல் மழைதான் மோசமானது.

தாங்கி

1,000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன் எடை. வெட்டிய மண்திட்டின் விளிம்பில் வைக்காதீர்கள். தளம் மட்டமாகவும் இறுகியும் இருக்கவேண்டும். மேலால் வழியும் தண்ணீரைக் குழாய் வழியாகக் கானுக்குக் கொண்டுபோய் விடுங்கள். அதைச் சரிவிலே ஊறவிட்டால் மண் இளகும், மண்சரிவு எச்சரிக்கையுள்ள பகுதியில் அது விளையாட்டல்ல. உள்ளே வரும் வாயிலும் வழியும் வாயிலும் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள வலை கட்டுங்கள். வெளிச்சம் புகாத மூடி வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும். எடுக்கும் குழாயை அடியிலிருந்து 10 சென்ரிமீற்றர் உயர்த்திப் பொருத்தினால் வண்டல் வராது. வாளியை முக்கி எடுக்கும் பழக்கம் இருந்தால் மேலே சொன்ன எல்லாம் வீண்.

வருடத்துக்கு ஒருமுறை, மழை தொடங்குமுன் கழுவுங்கள். நீண்ட பிடியுள்ள தூரிகையால் வெளியே நின்றே தேய்ப்பது நல்லது. மூடிய தாங்கிக்குள் காற்று போதாது. கழுவப் பாவிக்கும் குளோரினின் வாடையும் சேர்ந்தால் மயக்கம் வரும். இறங்கத்தான் வேண்டுமென்றால் மூடியை நெடுநேரம் திறந்துவைத்து, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள். குளோரினோடு கழிவறை கழுவும் அமிலத்தைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். எலி செத்துக் கிடந்தால் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றுங்கள். அள்ளும்போது கையுறை போடுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரால் பரவுவது.

குடிப்பதற்கு முன்

காய்ச்சுவதே மிக நம்பகமானது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும். ஆனாலும் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் மூன்று நிமிடம் விடுங்கள். ஆறியபின் மூடிய பாத்திரத்தில் வையுங்கள்.

விறகோ கேஸோ இல்லாதபோது குளோரின். 30 வீதக் குளோரின் தூள் 33 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிவை மட்டும் இருண்ட போத்தலில் ஊற்றுங்கள். இது ஒரு வீதக் கரைசல், வாரத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்யவேண்டும். 20 லீற்றருக்கு 4 மில்லிலீற்றர் போதும். விட்டபின் காத்திருக்க வழக்கமாக அரை மணி நேரம் சொல்வார்கள். மலையகத்துக் குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். முடிவில் இலேசான குளோரின் வாடை வரவேண்டும். வராவிட்டால் அதே அளவு மறுபடி விட்டுக் காத்திருங்கள். கலங்கலான தண்ணீரை முதலில் தெளியவைத்து, நாலாக மடித்த துணியில் வடியுங்கள். அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். சில ஒட்டுண்ணிகள் குளோரினுக்கு அசைவதில்லை. குழந்தைகளுக்குக் கொதித்தாறிய நீரையே கொடுங்கள்.

போத்தலில் நிரப்பி வெயிலில் வைக்கும் முறைக்கு ஆறு மணி நேர நல்ல வெயில் வேண்டும். மூடுபனி இறங்கும் மலையில் அதை நம்பியிருக்க முடியாது.

மழைக்காலம் தொடங்கி ஓரிரு வாரத்தில், குளோரின் போடுமுன் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது நல்லது. பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வழி கேளுங்கள். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614இன்படி 100 மில்லிலீற்றர் குடிநீரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ கோலை என்ற கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. இருந்தால் முதலில் அடிமூடியின் துளை, வலை, தாங்கி மூடி மூன்றையும் பாருங்கள். தாங்கியைக் கழுவி மறுபடி பரிசோதிக்கும்வரை காய்ச்சிய தண்ணீர் மட்டும்.