'ரூபிக்கனைத் தாண்டிவிட்டார்' என்று எங்கே எழுதலாம், எங்கே எழுதக் கூடாது

திரும்ப முடியாத முடிவைத் தெரிந்தே எடுத்துவிட்டார் என்று சொல்லும் இந்தத் தொடர் அரசியல் கட்டுரைகளில் அடிக்கடி வருகிறது, பல நேரம் பொருந்தாத இடத்தில். பெரிய முடிவு எல்லாமே ரூபிக்கன் ஆகிவிடாது.

முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள், அதை வைத்துத்தான் மற்றதை அளக்க வேண்டும். ரூபிக்கன் இத்தாலியின் வடகிழக்கில் ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கும் ஒரு சின்ன ஆறு. கி.மு. 49-இல், ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் ஆளுநராக இருந்த மாகாணத்துக்கும் இத்தாலிக்கும் அதுதான் எல்லை, படையோடு அதைத் தாண்டினால் ரோம் மீதே போர் தொடுத்ததாக அர்த்தம். ரோமின் ஆட்சி மன்றமான செனட்டோ படையைக் கலைக்கச் சொல்கிறது, கலைத்துவிட்டு வெறுங்கையோடு போனால் எதிரிகள் வழக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். ஜனவரி மாதம், கூட இருந்தது பதின்மூன்றாம் லீஜியன் என்ற ஒரே படைப்பிரிவு மட்டும். இப்போதுகூடத் திரும்பிவிடலாம், அந்தச் சின்னப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் எல்லாம் ஆயுதம்தான் என்று சீசர் கரையில் நின்று சொன்னதாக ரோமானிய வரலாற்றாசிரியர் சுவேட்டோனியஸ் எழுதுகிறார். 'பகடை உருட்டியாயிற்று' என்ற புகழ்பெற்ற பேச்சும் இந்தக் கரையில்தான். (ஆச்சரியம் என்னவென்றால், உள்நாட்டுப் போரைப் பற்றி சீசரே எழுதிய நூலில் இந்த ஆற்றின் பெயரே வராது.)

ஆக, எழுதும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். திரும்பிப் போக அதுவரை வழி இருந்ததா? இனி இருக்காது என்று தெரிந்தேதான் காலை வைத்தாரா? வைத்த பிறகு உண்மையிலேயே திரும்ப முடியாதா?

1519-இல் மெக்சிகோ கரையில் தன் கப்பல்களைத் தானே செயலிழக்கச் செய்த ஸ்பானியப் படைத்தலைவர் கோர்ட்டெஸுக்கு மூன்றுமே பொருந்தும். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பொருந்தாது. மீளவே முடியாத சேதம்தான், ஆனால் அதை யாரும் தெரிந்து தேர்ந்தெடுக்கவில்லை, அதற்கு 'கைமீறிப் போய்விட்டது' போதும். அமெரிக்க மதுவிலக்கு அரசியல் சாசனத்தையே திருத்தி 1920-இல் நடைமுறைக்கு வந்தது, அவ்வளவு பெரிய முடிவையும் 1933-இல் திரும்பப் பெற்றார்கள், அதனால் அதுவும் கிடையாது. ராஜினாமா கடிதம் கொடுத்திருக்கிறார், இன்னும் ஏற்கவில்லை என்றால் தயவுசெய்து பொறுங்கள்.

இன்னொரு குழப்பம், லட்சுமணன் கோடு. அது தாண்டக் கூடாத வரம்பைச் சொல்வது. வரம்பு மீறியவர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வரலாம், ஆகவே ஒன்றுக்கு மற்றொன்றைப் போடாதீர்கள். வாசகருக்குக் கதை தெரிந்திருக்காது என்று தோன்றினால், 'திரும்ப முடியாது என்று தெரிந்தே இறங்கிவிட்டார்' என்று நேராகவே எழுதிவிடுங்கள்.